தொண்ணூற்று நான்கு வெட்டுகள்

3 பெப்ரவரி 2003, திங்கள்

முதலாளி மஹ்ரூப் நானா இன்று கடைக்கு இன்னொரு கம்பியூட்டர் கொண்டுவந்தார். பழையது கடிதம் டைப் பண்ண. இது பாட்டுக்காம். பதுளையில் எல்லோர் வீட்டிலும் கேசட்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன, அவற்றை சீடியில் ஏற்றிக் கொடுத்தால் நல்ல தொழில் என்கிறார்.

"இது ஒனக்குத்தான் புள்ள சரி," என்றார் என்னைப் பார்த்து. "வாய் வேல இல்ல. காது வேலதான்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத் திக்கும். சின்ன வயதிலிருந்தே. அதிலும் 'ப'வில் தொடங்கினால் கதவு பூட்டிக்கொள்ளும். பவளராணி என்று பெயர் வைத்த அப்பாவுக்கு அப்போது அது தெரியாது, பாவம்.

நான்கு வருடமாக இந்தக் கடையில் நான் டைப் பண்ணுகிறேன். வருகிறவர்களோடு பேசுவதும் போன் எடுப்பதும் ஹம்ஸியா. நானாவின் தங்கை மகள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள்.

7 பெப்ரவரி, வெள்ளி

முதல் கேசட் ஏற்றினேன். ஒரு கல்யாண வீட்டு நாதஸ்வரம். சத்தம் ஓட ஓடத் திரையில் பச்சைக் கோடு மலை மலையாக எழும்புகிறது. மேளம் அடித்த இடத்தில் கூர் மலை. யாரோ இருமிய இடத்தில் ஒரு குட்டி மலை. சத்தத்துக்கு உருவம் உண்டு என்று இருபத்து நாலு வயதில்தான் பார்க்கிறேன்.

ஒரு தவறும் செய்தேன். சத்தம் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துக் கூட்டிவைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கேட்டால் நாதஸ்வரம் தகரம் கிழிகிற மாதிரி! பிறகு குறைத்துப் பார்த்தும் சரிவரவில்லை. உள்ளே வரும்போதே உடைந்தது உடைந்ததுதான். மறுபடி முழுக் கேசட்டையும் ஓட்டினேன்.

பாடம்: சிவப்பைத் தொடாதே.

14 பெப்ரவரி, வெள்ளி

வெள்ளிக்கிழமை நானா ஜும்மா தொழுகைக்குப் போனால் கடைக் கதவு பாதி மூடியிருக்கும். ஹம்ஸியா பின் அறையில் தொழுவாள். அந்த நேரம் முழுக்கக் கம்பியூட்டர் எனக்கு.

மைக்கைச் செருகி என் பெயரைச் சொன்னேன்.

திரையில் பார்த்தேன். ப - ப - ப - ப - ஏழு குட்டி மேடு, பிறகு ஒரு நீண்ட வெறுங்கோடு, அதற்குப் பிறகு "வளராணி". இதுதானா? இத்தனை வருடம் என்னைப் பாடுபடுத்தியது இந்த ஏழு மேடுதானா?

முதல் ஆறு மேட்டையும் வெறுங்கோட்டையும் சுட்டியால் இழுத்துப் பிடித்து, அழித்துவிட்டு, ஓடவிட்டேன்.

"பவளராணி."

யாரோ ஒரு பெண், எந்தத் தடங்கலும் இல்லாமல் தன் பெயரைச் சொன்னாள். என் குரலில். பதினைந்து தடவையாவது கேட்டிருப்பேன். ஹம்ஸியா வந்து பார்த்தபோது அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன். அவளுக்கும் போட்டுக் காட்டினேன். எழுந்துபோய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள்.

15 பெப்ரவரி

கம்பியூட்டரில் செய்ததை இல்லாமல் ஆக்க இரண்டு விசை சேர்த்து அழுத்தினால் போதும். இது வாழ்க்கையில் எங்கும் இல்லையே!

23 பெப்ரவரி, ஞாயிறு

பேப்பரில் விளம்பரம். பதுளையில் புதிதாகத் தொடங்கும் வானொலிக்குத் தமிழ் அறிவிப்பாளர் தேவை. மூன்று நிமிடம் பேசிப் பதிவுசெய்த கேசட் அனுப்ப வேண்டுமாம்.

அப்பா ஃபெக்டரியிலிருந்து தேயிலைத் தூள் மடித்துக் கட்டிக்கொண்டு வந்த பேப்பர் இல்லை, நானே காசு கொடுத்து வாங்கியது. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன்.

ஏன் கிழித்தேன்?

28 பெப்ரவரி, வெள்ளி

தொடங்கிவிட்டேன். போட்டோ கொப்பித் தாள் அடுக்கியிருக்கும் சின்ன அறைதான் என் ஒலிப்பதிவுக் கூடம். தாள் கட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடுகின்றன. மூன்று நிமிடப் பேச்சைச் சொல்லி முடிக்கப் பதினொரு நிமிடம் ஆனது.

வெட்டினால் ஒட்டுகிற இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு வெட்டிலும் டிக், டிக். கடலை கொறிக்கிற மாதிரி. ஆங்கிலத்தில் இருக்கும் உதவிப் பக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு வாசித்தேன். கோடு மேலேயும் கீழேயும் போகும்போது நடுவைக் கடக்கும் இடம் ஒன்று உண்டு, அங்கேதான் வெட்ட வேண்டும். படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து நடுவில் வெட்டினேன். டிக் போய்விட்டது. உதவிப் பக்கத்தை எழுதியவர் எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும்.

5 மார்ச், புதன்

கரண்ட் போச்சு. நாலு மணி நேர வேல போச்சு. சேவ் பண்ணல. சேவ் பண்ணவே இல்ல. எரும மாடு.

7 மார்ச்

மறுபடி. இப்போது ஐந்து வெட்டுக்கு ஒரு தடவை சேவ்.

புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன். திக்கலோடு சேர்த்து மூச்சையும் வெட்டியிருக்கிறேன். கேட்டால் செத்தவள் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஹம்ஸியாவும் அதையேதான் சொன்னாள்: "மூச்சே உடாமப் பேசுற, கேக்க எனக்கு மூச்சு முட்டுது." மூச்சுகளைத் தேடி எடுத்து, பழைய இடத்தில் வைத்தேன். உயிர் வந்தது.

14 மார்ச், வெள்ளி

இன்று வேலையே இல்லாத ஒரு வேலை பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

கடைக்கு எதிரே பஸ் ஸ்டாண்ட். பசறை பஸ் கண்டக்டர் ஒருவர் தினமும் கூவுவார்: "பசறை பசறை பசறை - நமுனுகுல!" மைக்கைக் கதவுக்கு வெளியே நீட்டிப் பிடித்துப் பதிவுசெய்தேன். தாளச் சத்தம் கொடுக்கும் டக்-டக்கை அதோடு ஓடவிட்டுப் பார்த்தால், மனிதர் நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு தட்டு வேகத்தில் அச்சாகக் கூவுகிறார்! ஒரு துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டினேன். அதற்குக் கீழே பிஸ்கட் டின்னைத் தட்டிப் பதிவுசெய்தேன். அதற்குக் கீழே ஸ்டேப்ளர். அதற்குக் கீழே போட்டோ கொப்பி மெஷின் ஓடும் சத்தம்.

ட்ராக் என்றால் என்னவென்று இப்போதுதான் சரியாக விளங்குகிறது. தோட்டத்து வரிசை வீடான லயம் ஒன்றில் அடுத்தடுத்த அறைகளாக ஆறு காம்பரா மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒரு சத்தம். வேண்டாத காம்பராவின் கதவைச் சாத்தலாம். சண்டை போடுகிறவர்களின் குரலைக் குறைக்கலாம்.

கடைசி ட்ராக்கில் நானே பாடினேன்.

ஏறுற சனம் ஏறட்டும்
எறங்குற சனம் எறங்கட்டும்
வளைவு நாலு தாண்டினதும்
எங்க ஊரு தெரியட்டும்

பாடும்போது எனக்குத் திக்காது. ஒருபோதும் திக்கியதில்லை. பாடிக்கொண்டே சாமான் வாங்க முடியாதே, அதுதான் கஷ்டம்.

24 மார்ச், திங்கள்

கேசட் அனுப்பிவிட்டேன். மூன்று நிமிடம். தொண்ணூற்று நான்கு வெட்டு. வெட்டுகளை மூட, பேச்சுக்குக் கீழே நானே செய்த ஒரு மெட்டு - சுட்டியால் ஒவ்வொரு சுரமாகக் குத்திவைத்தது. நான் பேசும்போது அது தாழ்ந்து, நிறுத்தும்போது எழும்பும்.

தபால் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் யோசித்தேன். பொய்யா இது? என் குரல்தானே. என் சொல்தானே. ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை, எடுத்ததுதான்.

8 ஏப்ரல், செவ்வாய்

போன் வந்தது. ஹம்ஸியா எடுத்தாள். "பவளராணியா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் என்னைப் பார்த்தாள், நான் இவளைப் பார்த்தேன். "ஓம், நான்தான் பவளராணி," என்றுவிட்டாள்!

கேசட் நன்றாக இருக்கிறதாம். இருபத்திரண்டாம் திகதி வரச் சொல்கிறார்கள். நேரடியாக மைக்கில் பேச வைத்துப் பார்ப்பார்களாம்.

நேரடி. அங்கே ஏது கத்தரி?

14 ஏப்ரல், வருடப்பிறப்பு

ஹம்ஸியா வாழ்த்துச் சொல்ல வந்த இடத்தில் வாயை விட்டுவிட்டாள். அம்மா பக்கத்துக் காம்பராவுக்குச் சொல்ல, அப்பா ஃபெக்டரியில் சொல்ல, இப்போது ஹாலிஎலயில் எங்கள் தோட்டம் முழுக்கத் தெரியும். இராமையா மகள் ரேடியோவில் பேசப் போகிறாள். வேலாயி அத்தை வந்து என் தாடையைப் பிடித்துக் கொஞ்சினார். "அந்தத் திக்கு வாயெல்லாம் எங்க போச்சுடி?" அம்மாவுக்கு, தான் மாரியம்மனுக்கு நேர்ந்தது பலித்துவிட்டது என்று நினைப்பு.

யாருமே நான் எப்படிப் பேசினேன்னு கேக்கல. எப்படிச் சொல்லுவேன்?

22 ஏப்ரல், செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பெயர் தனேஸ்வரன். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பெயரைச் சொல்லி, நேரத்தைச் சொல்லி, ஒரு பாட்டை அறிமுகப்படுத்த வேண்டும், அவ்வளவுதான் என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது.

ப -

ஒன்றும் வரவில்லை. காற்றுக்கூட வரவில்லை. அவர் மைக்கில் கோளாறு என்று நினைத்து வயரை ஆட்டிப் பார்த்தார். எழுந்து வந்து வேறு வயர் மாற்றினார். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. மைக்கில் ஒன்றும் இல்லை, எனக்குத் திக்கும், அந்தக் கேசட் வெட்டி ஒட்டியது என்று சொன்னேன். அதைச் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆனது. அவர் நின்றபடியே கேட்டார்.

"அப்ப, போனில கதைச்சது ஆர்?"

"ஹ... ஹம்ஸியா."

"எத்தினை இடத்தில வெட்டினனீங்கள்?"

"தொ... தொண்ணூத்தி நாலு."

அவர் கேசட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். இரண்டு இடத்தில் கை தூக்கினார். ஒன்று சரி. மற்றது வெட்டே இல்லை, நான் எச்சில் விழுங்கிய இடம்.

பிறகு உட்கார்ந்து நேராகச் சொன்னார். "பிள்ளை, இது நேரடி நிகழ்ச்சி. இந்த வேலையை உங்களுக்குத் தர ஏலாது. முதலே சொல்லியிருக்கவேணும். உங்கட இடத்தில இன்னொராள் வந்திருக்கலாம்."

உண்மைதானே. தலையாட்டினேன். வாசலுக்கு வந்தபோது, பின்னால் ஓடுகிற இசை யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். ஒரு கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஹாலிஎல பஸ்ஸில் இடம் கிடைத்தது. அழவில்லை. எல்லாரும் என்ன கேப்பாங்க, எத்தன பேருக்குப் பதில் சொல்லணும், ஒவ்வொருத்தருக்கும் ப ப ப ன்னு... அதத்தான் நெனச்சிக்கிட்டே வந்தேன்.

23 ஏப்ரல், புதன்

நேற்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். வெட்டியது, ஒட்டியது, ஏமாற்றியது, எல்லாம். அப்பா பீடியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபம் என்று நினைத்தேன்.

இன்று காலையில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. வேலாயி அத்தை வழிவிட்டு, என் குடத்தை முதலில் வைத்தார். காலை ஆள்கணக்குப் பெரட்டுக்குப் போகும் பெண்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பிறகுதான் தெரிந்தது. அப்பா காம்பரா காம்பராவாகப் போய், மகளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை, அவளிடம் யாரும் கேட்க வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இருபது காம்பரா.

"என்னாப்பா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"உள்ளதச் சொன்னேன். தொண்ணூத்தி நாலு எடத்துல வெட்டியும் ஒன்னத்தான் கண்டுபுடிக்க முடிஞ்சதுன்னும் சொன்னேன்."

9 மே, வெள்ளி

வானொலியிலிருந்து கடிதம். தமிழ் நிகழ்ச்சிக்குத் தொடக்க இசை வேண்டும், இருபது வினாடி, செய்ய முடியுமா என்று தனேஸ்வரன் சார் கேட்டிருக்கிறார். மூன்று தடவை வாசித்தேன். நானா ஒரு தடவை சத்தமாக வாசித்தார். அடுத்து, ஆறு மணிக்கு மேல் கம்பியூட்டரை நான் எடுத்துக்கொள்ளலாம் என்றார். வெளியே போர்டில் 'பாட்டும் செய்து தரப்படும்' என்று எழுதலாமா என்றும் கேட்டார்!

19 மே, திங்கள்

தொடக்க இசை செய்து அனுப்பினேன், சார் திருப்பி அனுப்பிவிட்டார். "கோயில் திருவிழாவில ஆறு லவுட் ஸ்பீக்கர் ஒண்டாப் பாடின மாதிரிக் கிடக்கு" என்று ஒரே வரி.

கோபம் வந்தது. பிறகு அவர் சொன்னபடி கேட்டுப் பார்த்தேன். திருவிழாவேதான். எதிரொலி போடும் பொத்தான் கிடைத்த சந்தோஷத்தில் புல்லாங்குழல், தபேலா, மணி எல்லாவற்றையும் பெரிய மண்டபத்துக்குள் தள்ளியிருக்கிறேன். ஒருவர் முகமும் தெரியவில்லை.

23 மே, வெள்ளி

ஒவ்வொரு ட்ராக்காகக் கதவைச் சாத்திப் பார்த்தேன். மணி இல்லாமல்? ஒன்றும் குறையவில்லை. இரண்டாவது குழல் இல்லாமல்? நன்றாகவே இருக்கிறது. கடைசியில் மூன்று மட்டும் மிஞ்சின. ஒரு குழல், ஒரு தபேலா, எங்கள் தகரக் கூரையில் விழுந்த மழை. அந்த மழையைப் பதிவுசெய்ய நானாவின் சின்ன ரெக்கோர்டரை இரவல் வாங்கிப் போய் மூன்று நாள் காத்திருந்தேன். நமக்கு வேண்டாத நாளில் கொட்டும், வேண்டும் என்றால் வெயில்.

எதிரொலி குழலுக்கு மட்டும். அதுவும் கொஞ்சம்.

29 மே

எடுத்துக்கொண்டார்கள்! அதோடு இன்னும் ஏதாவது செய்து வைத்திருந்தால் கொண்டுவரச் சொன்னார் தனேஸ்வரன் சார். பசறை பஸ் பாட்டைக் கொடுத்துவிட்டேன்.

6 ஜூன், வெள்ளி

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

நானா ஜும்மாவில். ஹம்ஸியா தொழுகையில். பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு காக்கிச் சட்டையோடு ஒருவர் உள்ளே வந்தார். றஹீம். பசறை பஸ் கண்டக்டர். முகம் சிவந்திருந்தது. பள்ளிவாசலுக்குப் போகிற வழியாம்.

"என்ட சத்தத்த ரேடியோவுல போட்டது ஆரு?"

பின் அறையைப் பார்த்தேன். ஹம்ஸியா வர நேரமாகும். நான்தான் பேச வேண்டும்.

"ந... ந... நான்தான்." கேட்காமல் எடுத்தது பிழை என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தும் பூட்டிக்கொண்டது. அவர் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். அவசரப்படவில்லை. பஸ் நிரம்பும்வரை நிற்கிற பழக்கம்போல.

நான் முடித்ததும் சொன்னார். "அன்னிக்கு எனக்குத் தடிமன் புள்ள. மூக்கடச்சுக் கத்தினது ஊரெல்லாம் கேக்குது. ஊட்ல பொஞ்சாதி சிரிக்கிறா. ஒழுங்கா ஒருக்கா எடு."

ஜும்மா முடிந்து வந்து, தாள் அறைக்குள் நின்றார். வாய் திறந்தால் வரவில்லை! பஸ்ஸைத் தட்டாமல் கூவிப் பழக்கமில்லையாம். பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்தேன். டின்னில் ஓங்கி ஒரு அடி, "பசறை பசறை பசறை!" சிவப்பு விளக்கு எரிந்து, தாள் கட்டிலிருந்து தூசி விழுந்தது. மைக்கைத் தள்ளிவைத்து மறுபடி எடுத்தோம். ஆறு தடவை.

பிறகு கேட்டால், தடிமன் பிடித்த அன்றைய கூவல்தான் நன்றாக இருக்கிறது. அவரிடம் எப்படிச் சொல்வது? இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டேன்.

27 ஜூன்

இப்போது பாட்டு பசறை பஸ்ஸிலேயே ஓடுகிறதாம். தன் ஊர்ப் பெயர் வரவில்லை என்று லுணுகலை பஸ்காரர் கோபித்துக்கொண்டாராம்.

1 ஓகஸ்ட், வெள்ளி

இப்போது வாரத்தில் மூன்று நாள் வானொலியில் வேலை. மற்ற நாள் கடையில். ஒலிப்பதிவு, வெட்டுதல், கலவை எல்லாம் நான். அறிவிப்பாளராக வந்திருக்கும் சுலோஜனா நேற்று ஒரே செய்தியில் நான்கு தடவை பிழைவிட்டாள். என்னிடம் ஓடிவந்து, "அக்கா, வெட்டிவிடுங்கோ," என்றாள். வெட்டினேன். மூச்சை விட்டுவைத்தேன்.

12 ஒக்டோபர், ஞாயிறு

நமுனுகுலவில் ஆறு பெண்கள் கொழுந்து எடுக்கும்போது தாங்களே கட்டி, நான் பதிவுசெய்த அட்டைப் பாட்டு இன்று ஒலிபரப்பானது. மழைக்காலத்து அட்டையைக் கங்காணியோடு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார்கள். அட்டையாவது இரத்தம் குடித்து முடித்ததும் விழுந்துவிடும் என்கிற இடத்தில் எங்கள் லயமே சிரித்தது. இருபது காம்பராவிலும் ரேடியோ. நான் வாசல் திண்ணை இஸ்தோப்பில் நின்று கேட்டேன்.

கலவை பிழை. வானொலியின் பெரிய ஸ்பீக்கரில் அவ்வளவு அழகாக இருந்த அடித் தாளம் இந்தச் சின்ன ரேடியோக்களில் வரவே இல்லை. கேட்கிறவர்களிடம் இருப்பது சின்ன ரேடியோதானே? இனி அதில் போட்டுக் கேட்காமல் எதையும் கொடுக்கக்கூடாது. நாளைக்கே ஒன்று கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டும்.

பாட்டு முடிந்ததும் கடைசிக் காம்பரா மாடசாமி மாமா வந்தார். ஆறு பேர் பாடியது எப்படி இருபது பேர் மாதிரிக் கேட்கிறது என்று அவருக்குச் சந்தேகம். ஒரே ஆட்களை இரண்டாம் தடவை பாட வைத்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வைத்து, இரண்டாவதை ஒரு இமை நேரம் பிந்தவிட்டால் கூட்டம் மாதிரி இருக்கும் என்று சொன்னேன். அவர் விடவில்லை, இடம் வலம் என்றால் என்ன, எங்கள் ரேடியோவில் ஒரே ஸ்பீக்கர்தானே என்றார். நல்ல கேள்வி. தரையில் கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டினேன். இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல்:

"ஒலையப் பாருன்னு சொல்லிட்டுப் போனேன். சோறு குழைஞ்சி கூழாப் போச்சு. இது பாட்டுக்கு நின்னு பேசிக்கிட்டே இருக்கு. வாயா இது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா அகப்பையோடு வாசலுக்கு வந்தார், சொன்னது தனக்கே கேட்டதுபோல ஒரு நொடி நின்றார், பிறகு உள்ளே போனார்.

குழைந்த சோற்றையே மூன்று பேரும் சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்போடு நன்றாகத்தான் இருந்தது.